60 ஹேர்ட்ஸில் டிவி திரை கறுத்துப் போகிறது, எந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கலாம்?

வெள்ளவத்தையிலிருந்து:
வணக்கம். அம்மாவுக்குப் பார்வை குறைவு. எழுத்தைப் பெரிதாக வைத்து வாசிக்கட்டும் என்று 50 அங்குல 4கே டிவி ஒன்றை வரவேற்பறையில் மாட்டினோம். கணினி உள் அறையில் இருக்கிறது. இடையில் பழைய 10 மீற்றர் எச்டிஎம்ஐ கேபிள். 30 ஹேர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 30 தரம் படம் புதுப்பிக்கும் வேகத்தில், திரை கறுக்காமல் இருக்கிறது, ஆனால் மவுஸ் இழுபடுகிறது. 60 ஆக்கினால் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தரம் திரை கறுக்கிறது. கடையில் தங்க முலாம் பூசிய '8கே' கேபிளைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

தெஹிவளையிலிருந்து:
அவசரப்படாதீர்கள் தம்பி. 4கே படத்துக்கு 30 ஹேர்ட்ஸில் வினாடிக்கு ஏறத்தாழ 9 கிகாபிட் தரவு கேபிளில் போனால் போதும், 60இல் கிட்டத்தட்ட 18 வேண்டும். இடையிடையே என்றாலும் 60இல் படம் வருகிறதே, அப்படியென்றால் கணினியும் டிவியும் அதற்குத் தயார். வயரில்தான் சந்தேகம். கணினியை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், 2 மீற்றர் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள்.

பெட்டியில் உள்ள 2.0, 2.1 என்ற எச்டிஎம்ஐ பதிப்பு இலக்கங்களைப் பார்த்து வாங்க வேண்டாம். கேபிளுக்கு வகைதான் கணக்கு: 'பிரீமியம் ஹை ஸ்பீட்' 18 கிகாபிட், 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48. சான்று பெற்றவற்றின் பெட்டியில் கைபேசியால் ஸ்கேன் செய்யும் லேபிள் இருக்கும். தங்க முலாம் கடற்காற்றில் முனை அரிக்காமல் காக்கும், உங்கள் பக்கத்துக்கு நல்லதுதான். படத்தை அது திருத்தாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
10 மீற்றருக்குச் சாதாரண செம்புக் கேபிளை நம்பாதீர்கள். ஒளியிழை வழியாகப் படத்தை அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேளுங்கள், யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி விலை விசாரியுங்கள். அதற்குத் திசை உண்டு: 'சோர்ஸ்' முனை கணினிக்கு, 'டிஸ்ப்ளே' முனை டிவிக்கு. மாற்றிச் செருகினால் படமே வராது. சுவரோரம் இழுக்க முன்னமே செருகிப் பாருங்கள், மூலையில் கூர்மையாக மடிக்கவும் வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. சின்னக் கேபிளில் ஒருதரம்கூடக் கறுக்கவில்லை. ஆப்டிகல் வாங்கிப் போட்டேன், 60இல் கறுக்காமல் ஓடுகிறது. ஆனால் சிவப்பு எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரிகிறது. இதுவும் கேபிளா?

தெஹிவளையிலிருந்து:
இல்லை. டிவி நிற விபரத்தைக் குறைத்துக் காட்டுகிறது போல. டிவி மெனுவில், கணினியைச் செருகிய உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் அதோடு எழுத்து தெளிந்துவிடும்.

வெள்ளவத்தையிலிருந்து:
மாற்றினேன், தெளிந்துவிட்டது. அம்மா இப்போது கண்ணாடியைத் தேடாமல் வீரகேசரி வாசித்துக்கொண்டிருக்கிறார்.