தீபாவளி லீவுக்கு வியட்நாம்: தா நாங் போகலாமா?

நொய்யல்கரை, திருப்பூர்

வணக்கம்ங்க. திருப்பூரில் 14 தையல் மிஷின் போட்டு ஒரு பவர்டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறேன். வருஷத்தில் நிம்மதியாக லீவு எடுப்பது தீபாவளிக்கு மட்டும்தான். போனஸ் வாங்கிக்கொண்டு ஆட்கள் ஊருக்குக் கிளம்பினால் திரும்பி வரப் பத்து நாள் ஆகிவிடும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதை ஒட்டி வியட்நாம் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பனியன் ஆர்டரெல்லாம் அந்த ஊருக்குப் போகிறது என்று புலம்புகிறோமே, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

ஐந்து பேர் போகிறோம். நான், வீட்டுக்காரி, எட்டாவது படிக்கும் மகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 70 வயது. சென்னிமலையில் முப்பது வருஷம் பெட்ஷீட் நெய்தவர், இடது முட்டி வலி. அம்மா கவுச்சி தொடமாட்டார், முட்டை போட்ட கேக்கும் ஆகாது. மகளுக்கு ஒரே கோரிக்கை: இரண்டு பெரிய கைகள் தாங்கிப் பிடித்திருக்கும் தங்கப் பாலத்தில் நின்று ரீல்ஸ் எடுக்க வேண்டும்.

ஏஜென்ட் ஒருவர் தா நாங், ஹோய் ஆன், பா நா மலை என்று 5 நாளுக்குத் தலைக்கு 46 ஆயிரம் சொல்கிறார். இதே சுற்றுக்கு மே மாதம் 60க்கு மேல் கேட்டவர். தீபாவளிக்கு எப்படிக் குறைந்தது என்றால், "அங்கே ஆஃப் சீசன்ங்க, கூட்டமே இருக்காது" என்கிறார். கூட்டம் இல்லாவிட்டால் நல்லதுதானே? அட்வான்ஸ் கட்டட்டுமா? அம்மா சாப்பாட்டுக்கு என்ன வழி?

மஞ்சமண்டி, ஈரோடு

ஏனுங்க, கட்டாதீங்க. கட்டியிருந்தால் முதலில் தேதியை மாற்றப் பாருங்க.

2023 தீபாவளிக்கு நானும் இதே சுற்றுதான் போனேன், இதே "கூட்டம் இருக்காது" பேச்சைக் கேட்டுக்கொண்டு. கூட்டம் இல்லைதான். ஊரே வெளியில் தலைகாட்டாதபோது கூட்டம் எங்கிருந்து வரும்? பா நா மலைக்கு ரோப் கார் 5.8 கிலோமீட்டர். ஏறிய ஐந்தாவது நிமிஷம் கண்ணாடிக்கு வெளியே பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. தங்கப் பாலத்தில் நின்றோம். அந்தக் கை எங்கே என்று என் மகன் கேட்டான். கைக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தோம்! மூன்று விரல் மட்டும் ஒரு நிமிஷம் தெரிந்தது, அப்புறம் அதுவும் போச்சு. பத்து ரூபாய் பெறாத பிளாஸ்டிக் ரெயின்கோட்டில் நாலு பேர் நடுங்கிக்கொண்டு நிற்கிற போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது.

காற்றுக் கணக்கு தெரிந்தால் ஏஜென்டைக் கேட்கவே வேண்டாம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் வடகிழக்குக் காற்றுதான் அங்கேயும். தென்சீனக் கடல் மேலே ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. தா நாங்குக்கு மேற்கே ட்ருவோங் சோன் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. காற்று அதில் முட்டி, கொண்டுவந்த மழையையெல்லாம் கடலோரத்திலேயே இறக்கிவிடுகிறது. ஆடி மாதம் வால்பாறையில் கொட்டும்போது பொள்ளாச்சியில் சாரலும் தாராபுரத்தில் வெறும் காற்றும் அடிக்கிறதே, அதையே திசை மாற்றி நினைத்துக்கொள்ளுங்க. அக்டோபர், நவம்பரில் தா நாங்தான் வால்பாறை. கூடவே புயலும் வரும். 2025 அக்டோபர் கடைசியில் ஹோய் ஆன் தெருக்களில் படகுதான் ஓடியது.

ஹோய் ஆனில் பழைய வியாபாரிகள் வீடு ஒன்றுக்குள் போனோம். எந்த வருஷ வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் மேல்மாடித் தரையில் சதுரமாக ஒரு திறப்பு. தண்ணீர் ஏறினால் சரக்கை அது வழியாக மேலே இழுத்துக்கொள்வதற்காம். நான் மஞ்சள் மூட்டையோடு வாழ்கிறவன், எனக்கு அந்த ஓட்டையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. வீடு கட்டும்போதே வெள்ளத்துக்கு வழி வைத்த ஊருக்கு ஐப்பசியில் சுற்றுலா போயிருக்கிறோம்.

இப்போது உங்களுக்கு இரண்டு வழி. மகளுக்குப் பாலம்தான் முக்கியம் என்றால் மே மாதம் போங்க. அப்போது தா நாங்கில் வெயில் அடிக்கும், நம்ம ஈரோட்டு வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது பெரிதில்லை. தீபாவளிக்குத்தான் லீவு என்றால் தா நாங்கை விட்டுவிட்டு வடக்கே ஹனோய் பக்கம் போங்க. ஒரே நாடு என்றாலும் நீளமான நாடு, நவம்பரில் அங்கே மழை குறைந்து இதமான குளிர் இருக்கும். வருஷத்திலேயே நல்ல மாதம். ஹா லோங் குடாவில் படகு, நின் பின்னில் ஆறும் சுண்ணாம்புப் பாறைகளும். தாம் கோக்கில் படகு ஓட்டும் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்து காலாலேயே துடுப்புப் போடுவார்கள். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் பார்க்கலாம். பக்கத்திலேயே முவா குகை என்று கூட்டிப்போவார்கள், அங்கே மட்டும் அவரைக் கீழே டீக்கடையில் உட்கார வையுங்க, 500 படி. சென்னிமலையின் 1,320 படிக்கு முன்னால் ஒன்றுமில்லைதான், ஆனால் அது அந்தக் காலத்து முட்டி.

ஹோ சி மின் நகரம் வழியாகப் போனால் ஒரு நாள் இறங்குங்க. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் தமிழர்கள் கட்டியது. இன்றைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். பின்சுவர்க் கல்லில் நெற்றியை அழுத்தி வைத்துக்கொண்டு வேண்டுகிறார்கள். எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தானும் போய் நெற்றியை வைத்தார்.

சந்தகை, கோபி

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். எங்கள் அத்தையைக் கூட்டிப்போனேன், அவரும் உங்கள் அம்மா மாதிரிதான்.

அங்கே எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், நுவோக் மாம் என்று பெயர். "வெறும் காய்தான்" என்று கொண்டுவரும் கீரைப் பொரியலிலும் இருக்கும். அதனால் "கறி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. "ஆன் சாய்" என்று சொல்லுங்க. சாய் என்றால் டீ இல்லை, அவர்கள் மொழியில் புத்த மதத்துச் சைவம். கடைப் பலகையில் அந்த ஒரு சொல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். கறாரான கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியில் அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள். தீபாவளியே அமாவாசையை ஒட்டித்தானே வருகிறது, நீங்கள் போகும் சமயம் சரியாக அமைந்திருக்கிறது.

ஆனால் கறி மாதிரியே, மீன் மாதிரியே சோயாவில் செய்து தோலெல்லாம் வைத்துத் தருவார்கள். எங்கள் அத்தை தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வாழைப்பழம் தின்றார். அதனால் பருப்புப்பொடியும் ஒரு சின்ன குக்கரும் பெட்டியில் இருக்கட்டும். கொப்பரை மட்டும் வைக்காதீங்க. எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்கும் என்று ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள். எங்களுடையதை அப்படித்தான் எடுத்தார்கள்.

ஊத்துக்குளி வெண்ணெய்

விசா விஷயம் ஒன்று. இ-விசா ஒரு முறை நுழைய 25 டாலர்தான், அவர்கள் அரசாங்கத் தளத்திலேயே போடலாம். பெயரில் கவனம். நம்ம பாஸ்போர்ட்டில் பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இனிஷியலை விரித்துப் போட்டிருப்பார்கள். என் மச்சானுக்கு ஒரு ஏஜென்ட் இனிஷியலை ஒற்றை எழுத்தாகவே போட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். கொச்சியில் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் போனார்கள், அவர் இரண்டு நாள் லாட்ஜில் கிடந்து புது விசா வாங்கிக்கொண்டு போனார். பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பாருங்க. ஐந்து பேருக்கும்.

நொய்யல்கரை, திருப்பூர்

எல்லோருக்கும் நன்றிங்க. ஏஜென்டிடம் ஐப்பசி மழையைப் பற்றிக் கேட்டேன். "லேசாகத் தூறும்" என்றார். சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹனோய்க்கு நானே டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் மட்டும் இரண்டு நாளாகப் பேசவில்லை. பாலம் அடுத்த மே மாதம் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சமண்டி அண்ணா, பணம் எப்படி? கையில் கொண்டுபோகவா?

மஞ்சமண்டி, ஈரோடு

டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்க. ஒரு லட்சம் டாங் என்று கேட்டால் மலைக்காதீங்க, நம்ம பணத்துக்கு முந்நூற்றுச் சில்லறைதான். ஆனால் 20 ஆயிரம் நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டும் நீலம். ராத்திரி டாக்சிக்குள் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகும். எனக்கு மாறியது. 5 லட்சத்தைத் தனிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்க.

நொய்யல்கரை, திருப்பூர்

சரிங்க அண்ணா. அப்பாவிடம் காலால் துடுப்புப் போடும் பெண்களைப் பற்றிச் சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "குழித்தறி மிதிக்கிற மாதிரி மாத்தி மாத்தியா, ரெண்டு காலும் சேர்ந்தா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மஞ்சமண்டி, ஈரோடு

மாற்றி மாற்றித்தானுங்க.