கொலீஜியம் பரிந்துரைத்த பெயரைக் குடிமக்கள் எதிர்க்க வழி உண்டா?

கேள்வி

உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு, மூத்த நீதிபதிகளின் தேர்வுக் குழுவான கொலீஜியம் ஒருவரைப் பரிந்துரைத்த பின், அவர் பொதுமேடைகளில் பேசியவற்றைக் கேட்டு, இவர் முன்னால் எல்லாத் தரப்பினரும் சமமாக நிற்க முடியுமா என்று அஞ்சும் குடிமக்கள் அந்த நியமனத்தை முறைப்படி எதிர்க்க நம் சட்டத்தில் இடம் இருக்கிறதா? நான் வழக்கறிஞர் அல்லேன். தேர்தலில் நிற்பவரின் சொத்துக் கணக்கையும் குற்ற வழக்குகளையும் வாக்களிக்கும் முன்பே படிக்க முடிகிற எனக்கு, 62 வயது வரை தீர்ப்பு வழங்கப்போகிறவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவும் வாய்ப்பில்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. வழக்குத் தொடுத்தால் நிற்குமா, மனுவை யாருக்கு அனுப்புவது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வழக்குத் தொடுக்கலாம், எதை முன்வைத்துத் தொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது நிற்பதும் விழுவதும். அரசமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவு கேட்கும் தகுதி, அதாவது இந்தியக் குடியுரிமையும், 10 ஆண்டு நீதித்துறைப் பதவியோ உயர் நீதிமன்ற வழக்கறிஞர் அனுபவமோ, ஒருவருக்கு இல்லையென்றால் நீதிமன்றம் தலையிடும். கௌஹாத்தி உயர் நீதிமன்றத்துக்குக் குடியரசுத் தலைவர் நியமன ஆணை பிறப்பித்த பின்னும், நியமிக்கப்பட்டவர் நீதித்துறைப் பதவி வகித்தவர் அல்லர் என்று கண்டு, 1992இல் குமார் பத்ம பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தையே ரத்து செய்தது.

தாங்கள் எழுப்புவதோ தகுதியைப் பற்றிய கேள்வி அன்று, பொருத்தத்தைப் பற்றியது. அதைக் கொலீஜியம்தான் எடைபோட வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் விலகிக்கொள்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட வழக்கறிஞர் விக்டோரியா கௌரி சிறுபான்மைச் சமயத்தவரைப் பற்றிப் பேசியவற்றைச் சுட்டி வழக்கறிஞர்கள் சிலர் தொடுத்த மனுவை 2023 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்த அதே காலையில், சென்னையில் பதவியேற்பும் நடந்தது, மனு தள்ளுபடியானது. விசாரணை முடியும் வரையிலாவது பதவியேற்பைத் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன்.

மறுமொழி 2

மேலே உள்ளவர் சொன்னது சரி. ஆகவே எதிர்ப்பு நீதிமன்றத்துக்கு முந்தைய கட்டத்திலேயே சென்று சேர வேண்டும். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் இருவரும் தேர்ந்தெடுக்கும் பெயர், மாநில அரசின் கருத்தும் உளவுத்துறை அறிக்கையும் சேர்ந்து மத்திய சட்ட அமைச்சகத்தின் வழியாகவே உச்ச நீதிமன்றக் கொலீஜியத்தை அடைகிறது. இவ்வளவு காலமும் அந்தப் பெயர் மக்களுக்கு முறைப்படி அறிவிக்கப்படுவதில்லை. 2017 அக்டோபர் முதல் இணையத்தில் வெளியாகும் தீர்மானங்களும் முடிவெடுத்த பின் வருபவையே.

தீர்மானம் வெளியான அன்றே இந்தியத் தலைமை நீதிபதி, குடியரசுத் தலைவர், சட்ட அமைச்சகம் ஆகிய மூன்று இடங்களுக்கும் மனு அனுப்புங்கள். பேச்சிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து வைக்காமல், முழுக் காணொளியையும் தேதி, இடத்தோடு இணையுங்கள். சாதி, குடும்பம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். 2009இல் நீதிபதி பி.டி. தினகரனை உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தும் பரிந்துரை நடைமுறைக்கு வராமல் நின்றதற்கு, நில ஆக்கிரமிப்புப் புகாரைச் சென்னை வழக்கறிஞர்கள் ஆவணங்களோடு எழுப்பியது முக்கியக் காரணம். (அவர் புகாரை மறுத்தார், 2011இல் பதவி விலகினார்.)

மறுமொழி 3

எதிர்ப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கட்சித் தொடர்பு மட்டுமே ஒருவரை விலக்கப் போதுமானதாக இருந்திருந்தால், 1957இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, சிறைவாசிகளின் உரிமைக்காக எழுதிய தீர்ப்புகள் நமக்குக் கிடைத்திருக்க மாட்டா. அமெரிக்காவில் 1930இல் ஜான் பார்க்கர் என்பவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிப்பதைக் கறுப்பின மக்களின் அமைப்பும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து, நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய செனட் அவையில் 39க்கு 41 என்ற வாக்குகளில் தோற்கடித்தன. கறுப்பினத்தவர் அரசியலில் பங்கேற்பதற்கு எதிராக அவர் பேசியது கண்முன் இருந்ததால் அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் கீழமை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தொடர்ந்த அதே பார்க்கர், 1940இல் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கோரிய வழக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கட்சித் தொடர்பை மனுவில் எழுப்பப்போவதில்லை. பேச்சுகளை மட்டுமே வைக்கிறேன். ஆனால் பெயர் தெரிந்த பின் எஞ்சுவது சில நாட்கள்தான் என்றால், முழு ஆதாரத்தையும் எப்படித் திரட்டுவது?

மறுமொழி 2

அதற்காகத்தான் நடைமுறையே மாற வேண்டும் என்கிறோம். தென்னாப்பிரிக்காவில் நீதித்துறைப் பணி ஆணையம், நேர்காணலுக்குத் தேர்வானவர்களின் பெயர்களை முன்கூட்டியே வெளியிட்டுக் கருத்து கேட்கிறது. நேர்காணலும் பொதுமக்கள் பார்க்க நடக்கிறது. இங்கும் மாநில அரசின் கருத்துக்கு அனுப்பும்போதே பெயரை வெளியிட்டால், அரசு பதிலளிக்க, நீதிபதி நியமனத்துக்கான நடைமுறைக் குறிப்பாணை தரும் அதே 6 வாரம் குடிமக்களுக்கும் கிடைக்கும். அதற்கு அரசமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை. தங்கள் மனுவின் கடைசிப் பத்தியில் இந்தக் கோரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.