பேக்லாஷ் கிட்டத்தட்ட சரி, பல் தடம் மட்டும் நுனியிலேயே விழுகிறது

கேள்வி
வணக்கம். டிராக்டர் டிஃபரன்ஷியலில் புது கிரவுன்-பினியன் ஜோடி (பெரிய வளையப் பல்சக்கரமும் அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரமும்), புது டேப்பர் ரோலர் பேரிங் எல்லாம் போட்டாகிவிட்டது. மேனுவல் கேட்கும் பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள தளர்வு) 0.20–0.25 மி.மீ. டயல் கேஜில் சுற்றிலும் நாலு இடத்தில் 0.19, 0.22, 0.31, 0.26 காட்டுகிறது. பல் உரசும் இடத்தைக் காட்டும் நீலச் சாயமான மார்க்கிங் ப்ளூ தடவிச் சுற்றினால் தடம் பல் நுனியை ஒட்டியே விழுகிறது. பினியனைக் கழற்றாமல், கிரவுனை இன்னும் நெருக்கி வைத்தால் தடம் கீழே இறங்குமா?

பதில் 1
இறங்காது. கிரவுனை நகர்த்தினால் தடம் முக்கியமாகப் பல்லின் நீளவாக்கில் ஓடும்: நெருக்கினால் உள்முனைக்கு, விலக்கினால் வெளிமுனைக்கு. நுனிக்கும் அடிக்கும் இடையே தடத்தை ஏற்றி இறக்குவது பினியன் ஷிம்தான் (பினியன் நிற்கும் இடத்தை மாற்றும் மெல்லிய தகடு). நுனியில் விழுகிறது என்றால் பினியன் கிரவுனை விட்டுத் தள்ளி நிற்கிறது. அப்படியே ஓட்டினால் நுனி சிராய்த்துப் பல் உடையும். பினியனைக் கழற்றியே ஆகவேண்டும்.

பதில் 2
ஷிம்மைத் தொடுவதற்கு முன்னால் அந்த நாலு அளவையும் பாருங்கள். 0.19-க்கும் 0.31-க்கும் 0.12 வித்தியாசம், அதாவது கிரவுன் சுழலும்போது பக்கவாட்டில் ஆடுகிறது. இந்த நிலையில் எந்தத் தடத்தையும் நம்ப முடியாது. கிரவுனைக் கழற்றி, உட்காரும் முகத்தில் பிசிறு, அழுக்கு, பழைய லாக்டைட் (போல்ட் பசை) இருக்கிறதா பாருங்கள். எண்ணெய்க் கல்லால் தேய்த்துத் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையாக டார்க் வையுங்கள். பிறகு கிரவுன் முதுகில் டயல் வைத்து ஆட்டத்தை அளந்து, மேனுவல் வரம்போடு ஒப்பிடுங்கள். அப்போதும் ஆடினால் கிரவுன் உட்காரும் டிஃபரன்ஷியல் கேஸின் ஃபிளேஞ்ச் (விளிம்பு) வளைந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்
நன்றி. பினியன் ஷிம், பினியன் பேரிங்கைத் தாங்கும் கூடான பேரிங் கேஜின் ஃபிளேஞ்சுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் இருக்கிறது. கூட்டணுமா, குறைக்கணுமா?

பதில் 1
கேஜ் வெளியிலிருந்து ஹவுசிங்குக்குள் நுழைகிற அமைப்பென்றால் குறைக்கணும். பினியன் உள்ளே போகும். ஷிம் பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற அமைப்பில் நேர்மாறு, கூட்டணும். பலரும் தடுமாறுவது இங்கேதான். முதலில் 0.10 மி.மீ. மாற்றிப் பாருங்கள்.

மாட்டியதும் ஆயில் சீல் போடாமல், கிரவுன் இல்லாமல் பிரீலோட் (பேரிங்கை இறுக்கி வைத்திருக்கும் அழுத்தம்; பினியனைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்காக) அளக்கணும். பினியனில் நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் சீராக இழுங்கள். முதல் அசைவுக்கு வரும் எடையை விட்டுவிட்டு, சுழலும்போது வருவதை எடுங்கள். நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 50 மி.மீ. என்றால் 2 நியூட்டன் மீட்டருக்குச் சுமார் 4 கிலோ காட்டும்.

பதில் 2
பினியன் உள்ளே போனதும் பேக்லாஷ் குறையும். சரிசெய்ய, கிரவுனைத் தாங்கும் இரு பக்க பேரிங்குகளின் ஷிம்களில் ஒரு பக்கம் எடுக்கிற தடிமனை அப்படியே மறுபக்கம் போடுங்கள். இல்லையென்றால் பக்க பேரிங் பிரீலோட் கெட்டுவிடும். தடம் எடுக்கும்போது கிரவுனைக் கட்டையால் லேசாகத் தடுத்துப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றுங்கள், சுமையில்லாமல் வரும் தடம் தெளிவாக இருக்காது. பல்லின் முன்னோட்டப் பக்கம், பின்னோட்டப் பக்கம் இரண்டையும் பாருங்கள். உயரம் நடுவிலும், நீளத்தில் நடுவிலிருந்து உள்முனைக்குச் சற்று நெருங்கியும் இருந்தால் சரி. சுமை ஏறும்போது தடம் வெளிமுனைப் பக்கம் பரவும்.