அப்பாவுக்கு நீர்க்கடுப்பு, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அப்பாவுக்கு வயது 61. நாலு நாளாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல், வலி. ராத்திரியில் பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்கிறார். கேட்டால், "சூடுதான், சரியாயிடும்" என்கிறார். அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அழற்சி, சிறுநீர்ப் பாதையில் கல், கிளமிடியா மாதிரியான பால்வினைத் தொற்று என்று எதனாலும் இப்படி வரலாம். புராஸ்டேட் பெருத்து, சிறுநீர் முழுசாக வெளியேறாமல் தங்கினாலும் கிருமி சேரும்.

யூரின் கல்ச்சருக்கு (சிறுநீரில் என்ன கிருமி என்று பார்க்கிற டெஸ்ட்) கொடுத்திருக்கிறோம், ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகுமாம். காய்ச்சல், நடுக்கம் இல்லை. வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவேன்.

இதே அவஸ்தை பட்டவர்களே, உங்களுக்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்தார்கள்? ஸ்கேன் எடுத்தார்களா? முக்கியமாக, கூச்சப்படுகிறவரை டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வைத்தது எப்படி?