துக்க வருஷத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டலாமா?

தாம்வே அம்மா:
வீட்டுக்காரர் இந்த மே மாதம் தவறிவிட்டார். மகன் பாங்காக்கில். 2024 பிப்ரவரியில் இங்கே மியான்மரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்களே, அப்போது நான்தான் போகச் சொன்னேன். வீட்டில் இப்போது நானும் மாமியாரும் மட்டும். போன வாரம் மகன் போனில், "ஸ்டார் கட்டியாச்சாம்மா?" என்றான். பேச்சை மாற்றிவிட்டேன். துக்க வருஷத்தில் ஸ்டாரும் கட்டக் கூடாது, பலகாரமும் சுடக் கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

கடை ஸ்டார் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. வீட்டுக்காரரே மூங்கில் சீவுவார். ஐந்து நீளக் குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னும் ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து குட்டைக் குச்சி கொடுத்து உப்ப வைப்பார். கண்ணாடித்தாளைத் தடிஞ்சுட் விளக்குத் திருவிழா முடிந்ததும் மலிவாக வாங்கிப் பரணில் போட்டுவிடுவார். கஞ்சத்தனம்தான், ஆனால் ஸ்டார் அழகாக இருக்கும்.

கட்டலாமா? கட்டினால் விளக்குக்கு என்ன வழி? கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியவில்லை. மரவீடு, மெழுகுவர்த்திக்குப் பயம்.

பழைய ரங்கூன்காரர்:
தங்கச்சி, திருச்சபையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நம்ம ஆட்கள் வழக்கம், அவ்வளவுதான். அப்பா தவறிய வருஷம் நாங்கள் வெள்ளைத்தாளில் கட்டினோம். பலகாரம் சுடவில்லை, அக்கம்பக்கத்தில் கொடுத்தது தின்று தீரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டீர்கள் சரி, மாமியாரைக் கேட்டீர்களா? போனது அவர் பெற்ற பிள்ளை.

மண்டலே மாமா:
2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எங்கள் சுவரெல்லாம் விரிசல். ஆணி அடிக்கப் பயந்து கொய்யா மரத்தில் கட்டியிருக்கிறோம். சார்ஜ் ஏறும் எல்இடி பல்பு வாங்குங்கள். கரண்ட் இருக்கும்போது ஏறிக்கொள்ளும், போனாலும் சில மணி நேரம் எரியும். பின்பக்கம் ஒரு இடத்தில் தாளை ஒட்டாமல் விடுங்கள், பல்பைக் கழற்றி மாட்டக் கை நுழையணும். அப்புறம், பசைக்கு மைதா காய்ச்சினால் துளி மயில்துத்தம் போடுங்கள், இல்லையென்றால் கரப்பான் தின்றுவிடும். துத்தம் விஷம், கையை நன்றாகக் கழுவுங்கள்.

பாங்காக் பிள்ளை:
அம்மா, நானும் உங்கள் மகன் மாதிரி வந்தவன்தான். இங்கே 25ஆம் தேதி லீவு கிடையாது. வியாழக்கிழமை, வழக்கம்போல வேலை. மால்களில் மரம் ஜொலிக்கிறது, எங்களுக்கு அதில் என்ன? கட்டி முடித்த ஸ்டாரைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், குச்சி கட்டும்போதே வீடியோ காலில் கூப்பிடுங்கள். அப்பா எப்படிக் கட்டினார் என்று அவன் சொல்லட்டும். இங்கே மணி அரை மணி நேரம் முந்தி, அதைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

தாம்வே அம்மா:
மாமியாரைக் கேட்டேன். "மூங்கில் வாங்கியாச்சா?" என்று திருப்பிக் கேட்கிறார்! ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு லீவு, அன்றைக்கே கட்டப் போகிறோம். மண்டலே அண்ணே, அந்த பல்பு எத்தனை வாட் போதும்?