மேலிருந்து மூன்றாவது வளையம்

காரிமங்கலம் பட்டறை:
நேற்று ஓசூர் தம்பி ஒருவர் போட்ட பதிவைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரு வீட்டின் தாத்தா காலத்து ஊஞ்சல் சங்கிலிக்கு நான்கு வளையம் புதிதாகச் செய்து சேர்த்தாராம். "எது பழசு, எது புதுசுன்னு செஞ்ச ஆசாரியே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று வேறு எழுதியிருக்கிறார். ஆசாரி எதற்கு? போட்டோவிலேயே தெரிகிறது. மேலிருந்து மூன்றாவது வளையம். கம்பியை வளைத்து, வாயை வெல்டிங்கில் மூடி, கிரைண்டரில் தேய்த்திருக்கிறார். காய்ச்சி அடித்து ஒட்டிய வளையம் ஒட்டின இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும். இது வழவழவென்று பாத்ரூம் குழாய் மாதிரி இருக்கிறது.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்:
அண்ணே, அது நான்தான். அந்த வீட்டில் ஊஞ்சல் ஆடத்தான் கேட்டார்கள், மியூசியத்தில் வைக்க இல்லை. நானும் என் இரண்டு பையன்களும் ஏறி ஆடிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

காரிமங்கலம் பட்டறை:
தாங்குமா என்று யார் கேட்டது? கண்டுபிடிக்க முடியாது என்றீர்களே, பேச்சு அதைப் பற்றித்தான். பழைய சங்கிலி தேனிரும்பு, அந்தக் காலத்தில் உலையில் அடித்தெடுத்த இரும்பு. உள்ளே கசடு நூல் நூலாக ஓடும். பாதி வெட்டி மடக்கினால் கரும்புச் சக்கை மாதிரி நாராகக் கிழியும். உங்கள் எம்.எஸ். கம்பி, இப்போது கடையில் விற்கிற சாதா எஃகு, அப்படிக் கிழியுமா? எங்கள் அப்பா வளையம் ஒட்டினால் இரண்டு முனையையும் நாக்கு மாதிரி தட்டி, ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி, ஒட்டுப் பிடிக்க வெங்காரப் பொடி தூவி உலையில் வைப்பார். சிவப்பு போய், மஞ்சள் போய், வெள்ளை வர வேண்டும். பொரி பறக்க ஆரம்பித்துவிட்டால் இரும்பு எரிந்து வீண். முதல் அடி மெதுவாகத்தான் விழும். ஓங்கி அடித்தால் முனை நழுவிவிடும். இதெல்லாம் மூன்றாவது வளையத்தில் எங்கே?

ஓசூர் ஃபேப்ரிகேஷன்:
தேனிரும்பு எந்தக் கடையில் விற்கிறது? நீங்கள் அரிவாளை லாரி ஸ்பிரிங் பட்டையில்தானே அடிக்கிறீர்கள்?

காரிமங்கலம் பட்டறை:
அரிவாளை நான் தாத்தா காலத்து அரிவாள் என்று சொல்லி விற்கவில்லை. பழைய இரும்புக் கடையில் குனிந்து தேடுங்கள், அந்தக் காலத்து மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டா கிடைக்கும். குனிய மனம் வேண்டும். மூன்றாவது வளையத்துக்கு வாருங்கள்.

பர்கூர் மாந்தோப்பு:
இரும்பைப் பற்றி எங்களுக்கே பாடமா? எங்கள் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு 4200 வருடம் என்று 2022ல் அறிவித்தார்கள். அது கிருஷ்ணகிரி மாவட்டம், ஞாபகம் இருக்கட்டும்.

பாலக்கோடு வாசகன்:
2004 வரைக்கும் அதுவும் தர்மபுரிதான். பிரிந்து போகும்போது மூட்டையில் கட்டிக்கொண்டு போனீர்கள்.

பர்கூர் மாந்தோப்பு:
1965 வரைக்கும் நீங்களே சேலம். அப்போது எல்லாப் பெருமையையும் சேலத்துக்கே அனுப்பிவிடலாமா?

காரிமங்கலம் பட்டறை:
மாவட்டச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துருவையும் பார்த்தேன் தம்பி. வினிகரில் உப்பைப் போட்டு ஒரே ராத்திரியில் வரவழைத்த துரு. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். மூன்று தலைமுறை கையும் எண்ணெயும் பட்ட இரும்பு கறுத்துப் போயிருக்கும். மூன்றாவது வளையம் மட்டும் மாம்பழ நிறம்.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்:
வினிகர் என்று வாசனை வந்ததா? போட்டோவில் மூக்கும் வேலை செய்கிறது போல.

பாலக்கோடு வாசகன்:
மற்ற மூன்று வளையமும் சரிதானா அண்ணே?

காரிமங்கலம் பட்டறை:
அதைக் கேட்காதீர்கள். முதலில் மூன்றாவது.

அரூர் வீட்டுக்காரர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பழைய வாசற்கதவின் நாதாங்கி உடைந்துவிட்டது. அதே மாதிரி செய்ய வேண்டும். யாரிடம் வரட்டும்?

காரிமங்கலம் பட்டறை:
கதவோடு வர வேண்டாம், உடைந்த துண்டைக் கொண்டு வாருங்கள். அவசரம் என்றால் வராதீர்கள்.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்:
அவரிடம் கொடுத்தால் அடுத்த பொங்கல் வரை கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

காரிமங்கலம் பட்டறை:
கட்டினாலும் அதைக் கயிறு என்றுதான் சொல்வோம், நாதாங்கி என்று சொல்ல மாட்டோம். மூன்றாவது வளையத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

ஓசூர் ஃபேப்ரிகேஷன்:
போட மாட்டேன்.