மாரி முடிந்து எடுத்த தண்ணீர் மெசின், கயிறு இழுபடவில்லை

தருமபுரம்:
வணக்கம். 2 அங்குலப் பெற்றோல் மெசின், கிணற்றிலிருந்து கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) இறைப்பது. கார்த்திகை மழையோடு கொட்டிலில் வைத்ததை நேற்றுத்தான் வெளியே எடுத்தேன். கயிறு ஒரு சாண் வருகிறது, அப்புறம் மரத்தில் கட்டியது போல நிற்கிறது. தம்பி காலை ஊன்றி இழுக்கப் போனான், நான் விடவில்லை. வைக்கும்போது நன்றாக ஓடிய மெசின். ஒயிலும் சரியாக இருக்கிறது.

தை பிறந்து போட்ட கச்சான், 30 நாளாகிறது. இதுவரை மண்ணில் இருந்த ஈரமே போதுமாக இருந்தது. இப்போது பூத்துவிட்டது. நிலம் காய்ந்து இறுகினால் பூவிலிருந்து வரும் விழுது மண்ணுக்குள் இறங்காது. எதை முதலில் கழற்றுவது?

மாங்குளம்:
பெற்றோல் திறப்பைப் பூட்டித்தான் வைத்தீர்களா? திறந்து கிடந்தால் காபரேட்டர் வழியாகப் பெற்றோல் கசிந்து சிலிண்டருக்குள் நிரம்பிவிடும். பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் நின்றுவிடும். சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பீறிக்கொண்டு வரும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அப்படி வந்தால் ஒயிலையும் மாற்றுங்கள், அதிலும் பெற்றோல் இறங்கியிருக்கும்.

விசுவமடு:
தம்பியை இழுக்க விடாதது நல்லது. கயிறு அறுந்தால் உள்ளே உள்ள சுருள்வில்லைத் திரும்பச் சுற்றுவது பெரிய வேலை.

முதலில் கயிறு இருக்கும் மூடியை மட்டும் கழற்றுங்கள், சில நட்டுத்தான். கையில் பிடித்தபடி கயிற்றை இழுங்கள். சுகமாக வந்து சுருண்டு போனால் கயிற்றில் பிழை இல்லை, எஞ்சின்தான் சுற்றவில்லை. பிளக்கைக் கழற்றியும் அசையவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் வாருங்கள். எஞ்சினும் பம்மும் ஒரே தண்டு. பம்முக்குள் மிஞ்சின தண்ணீர் மாரி முழுக்க நின்றால், இம்பெல்லர் என்கிற விசிறி துருவேறிக் கூட்டோடு ஒட்டிவிடும். என்னுடையது இரண்டு தரம் அப்படிப் பிடித்தது. முதல் தரம் தெரியாமல் எஞ்சினை முழுக்கப் பிரித்து ஒரு கிழமையை வீணாக்கினேன், மிளகாய்க் கன்று வாடிப் போனது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பம்மின் முன்மூடியைக் கழற்றி, விசிறியின் ஓரத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். பிறகு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் நேரே அடித்தால் விசிறியின் இதழ் உடையும்.

தருமபுரம்:
அண்ணை, நீங்கள் சொன்னதுதான். கயிறு சுகமாக வந்தது, பிளக் காய்ந்து கிடந்தது. முன்மூடியைத் திறந்தால் செங்கல் நிறத்தில் துரு, கூடவே ஒரு கூழாங்கல். இரவு ஊறவைத்தேன், காலையில் நாலாவது தட்டில் அசைந்தது. பத்து மணிக்குக் கச்சானுக்குத் தண்ணீர் போய்விட்டது. தண்டுப் பக்கம் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது, சீல் போயிருக்குமோ?

விசுவமடு:
சீல்தான். துரு உரசியிருக்கும். இந்த இறைப்புக்குத் தாங்கும், ஆனால் கசியும் தண்ணீர் எஞ்சின் பக்கம் போகாமல் பாருங்கள். பம்முக்குள் தண்ணீர் நிரப்பாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், சீல் கருகிவிடும். கிளிநொச்சிக்குப் போகும்போது பழைய சீலைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். அடுத்த கார்த்திகையில் பம்மின் அடி மூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு வையுங்கள்.